மேற்படி நபர் நலமுடன் உள்ளார்

பத்திரிகைப் படங்களில் கண் தெரியாதவர்கள் எல்லோரும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார்கள். எங்கள் அத்தாச்சியிடம் அப்படி ஒன்று கிடையாது. அதனால் வந்திருந்த போட்டோக்காரர், பைக் ஓட்டும்போது தான் போட்டுக்கொள்ளும் கூலிங்கிளாஸைச் சட்டையில் துடைத்து அவர் மூக்கில் மாட்டிவிட்டார். மடியில் என் லேப்டாப்பை வைத்தோம். அது அணைந்து கிடந்தது.

"இத ஆன் பண்ண வேணாமா?" என்று கேட்டார் அத்தாச்சி.

"வேணாங்க அத்தாச்சி. ஸ்கிரீன் வெளிச்சம் கண்ணாடியில அடிக்குதாம்."

"அப்ப நான் எதுக்குச் சிரிக்கணும்?"

"சும்மா சிரிங்க. அப்படியே வெரலால ஸ்கிரீனத் தடவுங்க."

"தடவுனா என்ன ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது. போட்டோ நல்லா வரும்."

இதைக் கேட்டு அத்தாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். போட்டோ நன்றாகவே வந்தது. அடுத்த ஆறு வாரம் அந்தச் சிரிப்பு எங்கள் இருவரையும் படுத்திய பாடு ஊருக்கு முழுதாகத் தெரியாது. தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் காரைக்காலில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். கோயில், கடல் சீற்றம், சாலை மறியல் எல்லாம் எழுதுவேன். அலுவலகத்தில் ஒருமுறை வைஃபை வேலை செய்யாதபோது பெட்டியை அணைத்து மறுபடி போட்டேன். அது வேலை செய்தது. அன்றிலிருந்து தொழில்நுட்பச் செய்தி என்றால் என் தலையில் கட்டிவிடுவார்கள். குரும்பகரத்தில் செல்போன் டவர் வந்த பிறகு நெல் பதராகிறது என்று விவசாயி ஒருவர் டீக்கடையில் சொன்னதை, அப்படியே கால் பக்கம் எழுதியவள் நான்தான். தலைப்பில் ஒரு கேள்விக்குறி போட்டேன். கேள்விக்குறி போட்டுவிட்டால் பொய் நம் கணக்கில் சேராது என்பது எங்கள் தொழிலில் உள்ளவர்களின் பலமான நம்பிக்கை. இன்னும் பயமாக இருந்தால், கடைசியில் "என்று கூறப்படுகிறது" சேர்த்துக்கொள்வோம்.

அத்தாச்சி என் அண்ணன் மனைவி. அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, ஓய்வு பெற்று ஊருக்கு வந்து, நான்கே வருடத்தில் மாரடைப்பில் போய்விட்டார். அதற்குப் பின்னால் சர்க்கரை வியாதி அத்தாச்சியின் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டது. பிரான்சில் வேலை பார்க்கும் மகள் வீடியோவில் பேசிப் பேசியே, போனைக் காதால் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தாள். திரையில் விரல் படுகிற இடத்தில் என்ன இருக்கிறது என்று போனே வாய்விட்டுப் படிக்கும். அத்தாச்சி அதை வைத்திருக்கும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி இருக்கும். அவரோ வெற்றிலையை மென்றுகொண்டே, வந்த செய்திகளைக் கேட்டு, பதில் போட்டு, மகளோடு சண்டையும் முடித்துவிடுவார்.

அண்ணனின் ஓய்வூதியம் இப்போது அத்தாச்சிக்கு வருகிறது. பிரான்சிலிருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை தாங்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று அனுப்ப வேண்டும். அது போகாவிட்டால் அங்கே உள்ள கோப்பில் ஆள் இறந்தவராகிவிடுவார். இங்கே ஓய்வூதியர்கள் சங்கம் ஒன்று உண்டு. கையெழுத்துப் போடும் அதிகாரியை வருடம் ஒருநாள் வரவழைத்து முகாம் நடத்துவார்கள். அதற்கு முன்கூட்டியே டோக்கன் வாங்க வேண்டும். போன வருடம் வரை அத்தாச்சி தானே எண்களை அழுத்தி, சங்கச் செயலாளரைக் கூப்பிடுவார். அவரும் பழைய சொல்தா. "பொன்ழூர் மெஸ்யே, நான் உயிரோடதான் இருக்கேன்" என்று பிரெஞ்சு வணக்கத்தோடு ஆரம்பிப்பார் இவர். "சந்தோசம் மதாம், பத்தரை மணிக்கு வாங்க" என்பார் அவர். வேலை முடிந்தது.

இந்த வருடம் சங்கம் இணையதளம் தொடங்கியது. மாங்கனித் திருவிழா முடிந்து, எழுத எதுவும் இல்லாமல் பக்கம் காலியாகக் கிடந்த வாரம் அது. இணையதளம் செய்து கொடுத்த கம்பெனிக்காரர் ஒரு செய்திக்குறிப்பு கொடுத்தார். பக்கத்தின் மூலையில் மனித உருவம் போட்ட ஒரு நீலப் பொத்தான் இருக்கிறதாம். அதை ஒருமுறை அழுத்தினால் போதும், இணையதளம் எல்லா மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏற்றதாக மாறிவிடுமாம். உலகத் தரமாம். நான் அந்தப் பொத்தானை அழுத்திப் பார்க்கவில்லை. குறிப்பைத் தட்டச்சு செய்தேன். இரண்டு இடத்தில் "நெகிழ்ச்சி" சேர்த்தேன். பிறகு படத்துக்கு ஆள் வேண்டுமே என்று, பக்கத்துத் தெருவில் இருந்த அத்தாச்சியிடம் போய் நின்றேன். அவரிடமாவது அந்தத் தளத்தைத் திறந்து காட்டியிருக்கலாம். காட்டவில்லை. மாலை நான்கு மணிக்குள் செய்தி போக வேண்டும்.

"பார்வையற்றோர் பார்க்கும் இணையதளம்: காரைக்காலில் சாதனை" என்று தலைப்பு வந்தது. கேள்விக்குறி கூட இல்லை.

மறுநாள் ஒரு வீடியோ சேனல் அதை எடுத்துக்கொண்டது. "கண் தெரியாதவர்களுக்குக் கண் கொடுக்கும் அதிசயப் பொத்தான்!" என்று, பின்னால் நாதஸ்வரம் ஓட, அத்தாச்சியின் சிரிப்பை மூன்று முறை பெரிதாக்கிக் காட்டினார்கள். அதற்கு அடுத்த நாள் வேறொரு தளத்தில் அத்தாச்சி "பொத்தானை அழுத்தியதும் வெளிச்சம் தெரிந்ததாகக் கண்ணீருடன்" கூறியிருந்தார். மண்டபத்தூரிலிருந்து ஒருவர் என்னைக் கூப்பிட்டார். அவர் அம்மாவுக்குக் கண்புரையாம்.

"வெறும் வயத்தோட அழைச்சிக்கிட்டு வரணுங்களா, சாப்புட்டு வரலாமா?"

எனக்குச் சிரிப்பாக வந்தது. அவருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் நம்பவில்லை. எங்கள் ஆட்களுக்கு மட்டும் செய்துகொள்கிறோம் என்று கோபித்துக்கொண்டு போனை வைத்தார். அன்று மதியம் எங்கள் செய்தி ஆசிரியர் அந்த வீடியோவை எனக்கே அனுப்பி, "உங்க ஊர்லதான் இருக்கு இது, கவனிக்கலையா? உடனே ஒண்ணு எழுதுங்க" என்றார். நான் கிளப்பிவிட்டது மூன்று நாளில் ஊரைச் சுற்றி வந்து, எனக்கே ஆதாரமாக நின்றது. அதுவரைக்கும் எனக்கு இது வேடிக்கையாகத்தான் இருந்தது.

வேடிக்கை தீர்ந்தது அத்தாச்சி டோக்கன் போட உட்கார்ந்த அன்று. சங்கத்தின் எண்ணுக்கு அழைத்தால், பதிவு செய்யப்பட்ட குரல் ஒன்று பேசியது. இணையதளம் அனைவருக்கும் ஏற்றதாக இருப்பதால் போன் பதிவு நிறுத்தப்பட்டது என்றது. 'அனைவருக்கும் ஏற்றது' என்பது என் செய்தியில் இருந்த அதே வார்த்தை. நானே எழுதியதை இன்னொருவர் குரலில் கேட்டேன்.

"போனாப் போவுது. வெப்சைட்லயே போடுறேன்" என்றார் அத்தாச்சி. எனக்குப் புரியட்டும் என்று போனின் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். போன் படித்தது: "படம். படம். பட்டன். பட்டன். பட்டன்."

"எதுக்கான பட்டனாம்?" என்றேன்.

"அதத்தான் அது சொல்ல மாட்டேங்குது. பட்டனுக்குப் பேரு வச்சிருந்தாத்தான இது படிக்கும்? ஒன்கிட்ட கட்டுக் கட்டாச் சாவியக் குடுத்து, எதுக்கு எந்தப் பூட்டுன்னு சொல்லாம வுட்டா எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கு."

மூலையில் இருந்த நீலப் பொத்தானை நானே காட்டிக்கொடுத்தேன். அழுத்தினார். ஒரு பட்டியல் விரிந்து மொத்தப் பக்கத்தையும் மூடிக்கொண்டது. "எழுத்துகளைப் பெரிதாக்கு. நிறத்தை மாற்று. அம்புக்குறியைப் பெரிதாக்கு." அதிலிருந்து வெளியே வருவதற்கே அவருக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. திரும்பி வந்தால் மறுபடியும் பட்டன், பட்டன், பட்டன்.

"குடுங்க அத்தாச்சி, நான் போட்டுத் தரேன்" என்று கை நீட்டினேன்.

போனை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "நீ போட்டா, நானே வெப்சைட்ல போட்டேன்னு அங்க எழுதிக்குவாங்க. அதையும் நீ ஒரு செய்தியாப் போடுவ. வேணாம். நான் உயிரோட இருக்கேன்னு நாந்தான் சொல்லணும். இத்தன வருசமா நாந்தான சொன்னேன்?"

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. கண் போன பிறகும் அவர் யார் கையையும் எதிர்பார்க்காமல் செய்துகொண்டிருந்த ஒரே அலுவலக வேலை இதுதான். இணையதளம் அனைவருக்கும் ஏற்றது என்று எழுதி, அதை மூடிவிட்டேன்.

இருவரும் சங்க அலுவலகத்துக்குப் போனோம். செயலாளர் எழுந்து நின்று வரவேற்றார். அவர் நாற்காலிக்குப் பின்னால் என் செய்தி கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது.

"வெப்சைட்ல பண்ண முடியலைங்க மெஸ்யே" என்றார் அத்தாச்சி.

அவர் சட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அத்தாச்சியைப் பார்த்தார். "நீங்களே இப்படிச் சொன்னா எப்படி மதாம்? நீங்கதான் போட்டோவுல சிரிச்சிக்கிட்டே பண்றீங்களே!"

"அது அணைஞ்சு கெடந்த பொட்டிங்க."

"பேப்பர்ல போட்டிருக்கே மதாம்."

"போட்டவ பக்கத்துலதான் நிக்கிறா. கேளுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "பழகப் பழகச் சரியாப் போயிடும் மதாம். ஞாயித்துக்கெழம பொதுக்கூட்டத்துக்குக் கண்டிப்பா வாங்க. ஒங்க ரெண்டு பேரையும் கௌரவிக்கிறதா இருக்கோம்." புதன்கிழமையோடு டோக்கன் முடிகிறது என்பதையும் சொல்லி அனுப்பினார்.

அன்றே செய்தி ஆசிரியரைக் கூப்பிட்டு, திருத்தம் போட வேண்டும் என்றேன்.

"திருத்தமா? யாரு செத்தா?" என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. எங்கள் பத்திரிகையில் திருத்தம் என்று ஒன்று வருவது கண்ணீர் அஞ்சலி விளம்பரத்துக்கு மட்டும்தான். போன வருடம் நெரவியில் ஒருவர் இறந்தபோது, தவறுதலாக அவருடைய தம்பியின் படத்தைப் போட்டுவிட்டார்கள். தம்பி மாலையோடு வீட்டுக்கு வந்தவர்களைத் தானே வாசலில் வரவேற்க வேண்டியதாயிற்று. மறுநாள் நான்கு வரித் திருத்தம் வந்தது. மற்றபடி டவரால் நெல் பதரானாலும், பொத்தானால் கண் திறந்தாலும், நாங்கள் வருந்துவது கிடையாது.

இதைச் சொன்னதும் அத்தாச்சி முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப எனக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி போடச் சொல்லு. மறுநாள் திருத்தத்துல எல்லாத்தையும் சேத்து எழுதிடலாம்."

"சும்மா இருங்க அத்தாச்சி."

"புதன்கிழம தாண்டுனா பிரான்ஸ்ல எப்படியும் நான் போய்ச் சேந்துடுவேன். நீ ரெண்டு நாள் முன்னால போடப் போற. அவ்வளவுதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். விரல் மட்டும் போனின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பழைய சொல்தாக்கள், பின்னால் அவர்கள் குடும்பங்கள். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். ஆடி மாதப் புழுக்கத்தில், நான் எழுதிய பொய்க்காக, கனமான மெரூன் நிறச் சால்வை. அத்தாச்சிக்குப் பூங்கொத்து. செயலாளர் மைக்கில், "மதாம் ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்றார்.

அத்தாச்சி பூங்கொத்தை என் கையில் திணித்தார். மைக்கைத் தடவிப் பிடித்துக்கொண்டார். "பேச்சு என்னங்க பேச்சு. நான் இப்பவே ஒங்க முன்னால டோக்கன் போட்டுக் காட்டுறேன்." எல்லோரும் கைதட்டினார்கள். போனை மைக்கின் பக்கத்தில் வைத்தார்.

"படம். படம். பட்டன். பட்டன். பட்டன்" என்றது ஸ்பீக்கர், மண்டபம் அதிர.

"இதுல எது டோக்கன் மெஸ்யே?"

செயலாளர் குனிந்து பார்த்தார். "நடுவுல இருக்குறது மதாம்."

"நடுவுன்னா எனக்குத் தெரியாதுங்களே. இதுக்கும் தெரியாது." இன்னொரு பட்டனை அழுத்தினார். பட்டியல் விரிந்தது. "எழுத்துகளைப் பெரிதாக்கு" என்றது போன்.

"பெருசாக்குங்க மெஸ்யே. கீழக் கடைத்தெரு நீளத்துக்குப் பெருசாக்குங்க. எனக்கு அப்பவும் தெரியப்போறதில்ல."

பின்வரிசையில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு முன்னால் வரைக்கும் பரவியது. அத்தாச்சி விடவில்லை. எப்படியோ உள்ளே நுழைந்து, பெயரைச் சொல்லிப் பதிந்து, கடைசிப் படிவரைக்கும் வந்துவிட்டார். அங்கே போன் நிதானமாகப் படித்தது: "நீங்கள் மனிதர் என்று உறுதி செய்ய, படத்தில் உள்ள எழுத்துகளை உள்ளிடவும். படம்."

அத்தாச்சி காத்திருந்தார். போனும் காத்திருந்தது. "நேரம் முடிந்தது. மீண்டும் முயலவும்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அத்தாச்சி மைக்கை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"போன வருசம் ஒரு போன் போட்டேன். நான் உயிரோட இருக்கேன் மெஸ்யேன்னேன். ஒங்களுக்கு என் கொரலு தெரியும். டோக்கன் குடுத்தீங்க. இப்ப இது என்னைய மனுசியான்னே கேக்குது. நான் எங்க போயிச் சொல்றது?"

செயலாளர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அத்தாச்சி மைக்கை என் பக்கம் நீட்டினார். ஒரு கையில் பூங்கொத்து, தோளில் சால்வை. நான் சொன்னேன்: "அந்தச் செய்தியை எழுதுனது நாந்தான். எழுதுறதுக்கு முன்னால நான் அதத் தொறந்துகூடப் பாக்கல. போட்டோவுல இருந்த லேப்டாப் ஆஃப்ல இருந்துச்சு." இருபது வருடத்தில் நான் எழுதிய எதையும் அத்தனை பேர் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. சால்வையைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. மடித்து மேசை மேல் வைத்தேன்.

செயலாளர் மேடையிலேயே தன் போனை எடுத்து, அந்தப் பதிவுக் குரலை நிறுத்தினார். "நம்பர் பழைய நம்பர்தான் மதாம். நீங்களே போடுங்க" என்றார். இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு அத்தாச்சி எண்களை அழுத்தினார். செயலாளரின் போன் அடித்தது.

"பொன்ழூர் மெஸ்யே. நான் உயிரோடதான் இருக்கேன்."

"சந்தோசம் மதாம்." என்றார் அவர், போனைக் காதில் வைத்தபடி. "பத்தரைக்கு வாங்க."

மறுநாளிலிருந்து போன் பதிவு திரும்பவும் வந்தது. முகாமில் அத்தாச்சியின் சான்று கையெழுத்தாகிப் பிரான்சுக்கும் போயிற்று. செயலாளரே எங்கள் அலுவலகத்தைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். சங்கத்தில் பாதிப் பேர் எங்கள் சந்தாதாரர்கள் என்பதால், செய்தி ஆசிரியருக்குத் திடீரென்று உண்மையின்மேல் ஆர்வம் பிறந்தது. நான் நடந்தது முழுவதையும் எழுதி அனுப்பினேன். பெயரில்லாத பட்டன், நீலப் பொத்தான், அணைந்த லேப்டாப், எதையும் விடவில்லை. அது நான்கு வரியாகச் சுருங்கி, திருத்தம் என்று வந்தது.

காலையில் அதைப் பார்த்ததும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பக்கம் வடிவமைக்கிறவர், நெரவிக்காரருக்குப் போட்ட பழைய திருத்தத்தை எடுத்து, மேலே உள்ள வரிகளை மட்டும் மாற்றியிருக்கிறார். கடைசி இரண்டு வரி அப்படியே நின்றது.

அத்தாச்சி வீட்டுக்குப் போனேன். எங்கள் பத்திரிகையின் இணையதளத்தைப் போனில் திறந்து வைத்திருந்தார். "நீ போட்ட திருத்தத்தத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்று விரலை வைத்தார்.

"படம்" என்றது போன்.

அச்சுப் பக்கத்தை அப்படியே படமாக எடுத்து ஏற்றியிருக்கிறார்கள். கண் தெரியாதவர்கள் படிக்க முடியாத தளத்தைப் பற்றிய திருத்தம், கண் தெரியாதவர்கள் படிக்க முடியாதபடி வந்திருந்தது.

"படி, கேப்போம்" என்றார் அத்தாச்சி. "உள்ளது உள்ளபடி படி. ஒன் சரக்கச் சேக்காத."

ஒரு நிமிடம் எனக்கு ஆசை வந்தது. நான் எழுதி அனுப்பியதையே படித்துவிடலாம். அவருக்கு எப்படித் தெரியும்? நான் என்ன படிக்கிறேனோ அதுதான் அவருக்குச் செய்தி. அவர் மனசும் நிறையும், என் மானமும் மிஞ்சும். குறைந்தது அந்தக் கடைசி வரிகளையாவது விட்டுவிடலாம்.

தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தேன்.

"திருத்தம். ஓய்வூதியர்கள் சங்கத்தின் இணையதளத்தைப் பார்வையற்றோர் பிறர் உதவியின்றிப் பயன்படுத்த முடியும் என்று வெளியான செய்தி சரியன்று. படத்தில் இருப்பவர் அதைப் பயன்படுத்தவில்லை. மேற்படி நபர் நலமுடன் உள்ளார். உற்றார் உறவினர் கவலை கொள்ள வேண்டாம்."

அத்தாச்சி சிரிக்க ஆரம்பித்தார். போட்டோவில் சிரித்த அதே சிரிப்பு. கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

"சரியாத்தான் படிச்சிருக்க" என்றார். "காலையில பால்காரர் வந்தாரு. அவர படிக்கச் சொன்னேன். அதுக்கப்பறம் எதுத்த வீட்டு டீச்சரம்மாவையும் படிக்கச் சொன்னேன். ரெண்டு பேரும் இதேதான் படிச்சாங்க."